கனக்காத கூடை

அன்புள்ள அக்கா,

உங்கள் கட்டுரைகளை நான்கு வருஷமாக வாசிக்கிறேன். எழுதுவது இதுதான் முதல் தடவை. எனக்கு 34 வயது, கோவையில் ஐ.டி. வேலை. பையன் இரண்டாம் வகுப்பு படிக்கிறான். ராத்திரி அவன் தூங்கியதும் போனை எடுத்தால் ஷாப்பிங் ஆப்களிலேயே ஒரு மணி நேரம் போய்விடுகிறது. வாங்க வேண்டும் என்றெல்லாம் இல்லை. பார்ப்பேன், பிடித்தால் விஷ்லிஸ்டில் போடுவேன், சிலதை கார்ட்டில் போட்டுவிட்டு அப்படியே தூங்கிவிடுவேன். நேற்று எண்ணிப் பார்த்தேன், 143 பொருள் இருக்கிறது. சில நாள் வாங்கியும் விடுகிறேன். போன மாதம் மூன்று டிபன் பாக்ஸ், ஒரு ஏர் ஃப்ரையர், ஏற்கெனவே வீட்டில் இருக்கிற மாதிரியே இன்னொரு பெட்ஷீட். 2021-ல் போட்டு வைத்த ஒரு வாட்டர்கலர் பெட்டி மட்டும் இன்னும் அப்படியே கிடக்கிறது. "உன் ஆசைக்கு அளவே கிடையாது" என்று கணவர் கிண்டல் செய்கிறார். எனக்குப் பெரிய ஆசை எதுவும் இல்லை அக்கா, இது வெறும் டைம்பாஸ். இந்த ஆப்களை அழித்துவிடலாமா? அண்ணாச்சி கடையை விட்டுவிட்டு ஆப்பில் மளிகை வாங்குவது தப்பா? நேரம் கிடைத்தால் பதில் எழுதுங்கள்.

ஒரு வாசகி, கோவை

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதம் வந்த வாரம்தான் பரணைச் சுத்தம் செய்தேன். பழைய பாய்க்கு அடியிலிருந்து அம்மாவின் ஒயர் கூடை கிடைத்தது. நீலமும் வெள்ளையுமாக அவளே பின்னியது. அடியில் இரண்டு இடத்தில் ஒயர் விட்டுப் போயிருக்கிறது, கைப்பிடியில் அவள் சுற்றியிருந்த பழைய சேலைத்துணி மட்டும் அப்படியே இருக்கிறது. நாலைந்து நாளாக அந்தக் கூடையை ஹாலில் வைத்துக்கொண்டு அதையேதான் யோசித்துக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் உங்கள் 143 பொருள் வந்து நின்றது. பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை.

உங்கள் கேள்விகளில் சிலதை முதலில் முடித்துவிடுகிறேன். ராத்திரி எட்டு மணிக்கு வீட்டுக்கு வந்து பையனுக்குச் சோறு போட்டு வீட்டுப்பாடம் பார்க்கிற பெண், துவரம்பருப்பை ஆப்பில் வாங்குவதில் ஒரு பாவமும் இல்லை. அண்ணாச்சி கடையைக் காப்பாற்றும் பொறுப்பை உங்கள் தலையில் மட்டும் யாரும் ஏற்றி வைக்கவில்லை, விடுங்கள். கணவர் சொன்னதையும் விடுங்கள். ஆனால் ஒரு வரியை விடமாட்டேன். "எனக்குப் பெரிய ஆசை எதுவும் இல்லை, இது வெறும் டைம்பாஸ்" என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்கு உங்களைத் திட்டத்தான் வேண்டும். அக்கா என்று கூப்பிட்டுவிட்டீர்கள், அந்த உரிமையில் திட்டுகிறேன். நாள் முழுக்க மற்றவர்களுக்காக ஓடிவிட்டு, உங்களுக்கென்று கிடைக்கிற அந்த ஒரு மணி நேரத்தில் ஒரு பெண் எதைப் பார்க்கிறாள், எதன் மேல் அவள் விரல் நிற்கிறது என்பது டைம்பாஸா? உங்கள் ஆசையை நீங்களே இப்படி மட்டமாகப் பேசினால் வீட்டில் வேறு யார் மதிப்பார்கள்?

சரி, கூடைக்கு வருகிறேன்.

எங்கள் வீடு அப்போது மதுரை கோரிப்பாளையத்தில். மாதம் பிறந்து முதல் ஞாயிற்றுக்கிழமை அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு ஏ.வி. பாலத்தைத் தாண்டி, யானைக்கல் வழியாகக் கீழமாசி வீதிக்கு நடப்பாள். மொத்தக்கடைகள் இருக்கிற வீதி, தெருக்கடையைவிட அங்கே விலை கம்மி. போகும்போது கூடை காற்றில் ஆடிக்கொண்டு வரும். திரும்பும்போது இரண்டு கிலோ துவரம்பருப்பு, ஒரு கிலோ உளுந்து, வெல்லம், புளி, வத்தல், மல்லி, தூக்குவாளியில் நல்லெண்ணெய். பஸ்ஸுக்குக் காசு கொடுக்க மாட்டாள். பாலத்தின் நடுவில் கூடையைக் கைப்பிடிச் சுவரோரம் இறக்கி வைத்துவிட்டு உள்ளங்கையை விரித்துப் பார்ப்பாள். நாலு விரலின் நடுக்கணுவிலும் ஒயர் அழுத்திய கோடு சிவப்பாகப் பதிந்திருக்கும். கோட்டின் இரண்டு பக்கமும் தோல் வெளுத்துக் கிடக்கும். அது கொஞ்சம் கொஞ்சமாக மறையும்வரை வைகையைப் பார்த்துக்கொண்டு நிற்போம், அப்புறம் நடப்போம். நான் அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

யானைக்கல் பக்கம் நடைபாதையில் ஒருவர் பீங்கான் ஜாடிகள் அடுக்கி வைத்திருப்பார். மேல்பாதி பழுப்பு, கீழ்பாதி வெள்ளை, ஊறுகாய் போடுகிற ஜாடி. அம்மா ஒவ்வொரு மாதமும் அங்கே நிற்பாள். ஐந்து லிட்டர் பிடிக்கிற ஒரு ஜாடியைத் தூக்குவாள், மூடியைத் திறந்து உள்ளே விரலை விட்டுத் தடவுவாள், சுண்டிப் பார்ப்பாள். அவர் 30 ரூபாய் சொல்வார். அம்மா ஒன்றும் சொல்லாமல் இறக்கி வைத்துவிடுவாள். "ஏம்மா, வாங்கலையா?" என்று கேட்டால், "இந்த மாசம் கனம்டி" என்பாள். அவள் கூடையைச் சொல்கிறாளா பணத்தைச் சொல்கிறாளா என்று எனக்குப் புரியாது. இரண்டையும்தான் சொன்னாள் என்று இப்போது தெரிகிறது. அவளுக்கு அவை இரண்டும் ஒரே கனம். கையில் தூக்க முடியாததை அவள் வீட்டாலும் தூக்க முடியாது.

இப்படியே ஒன்றரை வருஷம் போயிற்று. 1984 தை மாதம் என்று நினைவு, அவள் அந்த முறை வெல்லமும் வாங்கவில்லை, நல்லெண்ணெயையும் பாதியாக்கினாள். கூடையை என் கையில் கொடுத்தாள். எனக்கு அப்போது பதினொரு வயது. ஜாடியை இடுப்பில் வைத்து ஒரு கையால் அணைத்துக்கொண்டு பாலத்தில் நடந்தாள். அன்றைக்கு நடுவில் நிற்கவே இல்லை. நான்தான் பின்னால் கூடையைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு, நாலு அடிக்கு ஒரு தடவை இறக்கி வைத்துக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்து என் விரலைப் பார்த்தால் அதே கோடு.

இப்போது நான் சொல்ல வருவதைக் கேளுங்கள். கடைகளில் நாம் தள்ளிக்கொண்டு போகிற வண்டி இருக்கிறதே, உங்கள் ஆப்பின் மூலையில் சின்னப் படமாக நிற்கிறதே, அது பிறந்தது 1937-ல், அமெரிக்காவின் ஓக்லஹோமா சிட்டியில். சில்வன் கோல்ட்மேன் என்ற மளிகைக்கடை முதலாளி தன் கடையில் ஒன்றைக் கவனித்தார். கையில் இருக்கிற கூடை நிறைந்து கனத்ததும் ஜனங்கள் வாங்குவதை நிறுத்திவிடுகிறார்கள். மடக்கு நாற்காலியைப் பார்த்து அவருக்கு யோசனை வந்தது, அதற்குச் சக்கரம் வைத்துக் கூடையை மேலே ஏற்றினார். ஆரம்பத்தில் யாரும் தொடவில்லை. எனக்குக் கூடை தூக்கத் தெம்பில்லையா என்று ஆண்கள் நினைத்தார்கள், குழந்தை வண்டி தள்ளினது போதும் என்று பெண்கள் நினைத்தார்கள். அவர் சம்பளம் கொடுத்து ஆட்களை வைத்துக் கடைக்குள் வண்டியைத் தள்ளிக்கொண்டு சுற்றச் சொன்னார், அதைப் பார்த்து மற்றவர்களும் தள்ள ஆரம்பித்தார்கள்.

அந்த மனிதர் கண்டுபிடித்தது வண்டியை மட்டுமல்ல. போதும் என்று நம் கை சொல்லிக்கொண்டிருந்தது, அந்தக் குரலை எப்படி அடக்கலாம் என்பதைக் கண்டுபிடித்தார். அதற்கப்புறம் வந்ததெல்லாம் அதே வழியில்தான் வந்தது. ஒரே தடவை அழுத்தினால் வாங்கி முடித்துவிடலாம் என்பதற்கு அமேசான் 1999-ல் அமெரிக்காவில் காப்புரிமையே வாங்கியது, அது 2017-ல்தான் காலாவதியானது. யோசித்துப் பாருங்கள், ஒருவர் யோசிக்கிற நேரத்தை எடுத்துவிடுவது காப்புரிமை வாங்குகிற அளவுக்கு மதிப்புள்ள காரியமாக இருந்திருக்கிறது. நம் ஊரில் 2016-ல் யுபிஐ வந்தது. நல்ல விஷயம், நானும் தினமும் அதில்தான் காய்கறி வாங்குகிறேன். ஆனால் பர்ஸைத் திறந்து, நோட்டை எண்ணி, மிச்சம் எவ்வளவு என்று பார்க்கிற அந்த நிமிஷமும் போயிற்று. கூடையின் கனம் போனது, பணத்தின் கனம் போனது, வீட்டுக்குத் தூக்கி வருகிற கனம் இன்னொருவருடைய முதுகுக்குப் போனது. உங்கள் வீட்டு மாடிப்படி ஏறி வருகிற அந்த டெலிவரிப் பையனின் முதுகில் தொங்குகிற பையை ஒரு தடவை நீங்கள் கையில் வாங்கிப் பாருங்கள். கனம் எங்கேயும் போய்விடவில்லை, உங்கள் கண்ணுக்குத் தெரியாத இடத்துக்கு நகர்த்தியிருக்கிறார்கள்.

இதனால்தான் உங்களுக்கு மூன்று டிபன் பாக்ஸ் வந்தது, தங்கச்சி. உங்கள் ஆசைக்கு அளவில்லாததால் இல்லை. அளவு சொல்கிற கையை உங்களிடமிருந்து எடுத்துவிட்டார்கள்.

அதோடு நிற்பதுமில்லை. போன வருஷம் பஸ் டிக்கெட் எடுக்கும்போது ஒரு தளத்தில் நான் கேட்காமலே பயணக் காப்பீடு என்று சில ரூபாய் சேர்ந்திருந்தது. அதை நீக்கப் போனால் "என் பாதுகாப்பைப் பற்றி எனக்குக் கவலையில்லை" என்ற பொத்தானை அழுத்தச் சொன்னது. எனக்கு வந்த கோபம் சொல்லி மாளாது. அம்மாவின் கூடையில் அவளுக்குத் தெரியாமல் ஒரு கடைக்காரர் 100 கிராம் புளியைப் போட்டுக் காசு கேட்டிருந்தால் கீழமாசி வீதியே கூடியிருக்கும். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் இந்த மாதிரி 13 தந்திரங்களைப் பட்டியல் போட்டுத் தடை செய்து வழிகாட்டு நெறிமுறை வெளியிட்டது. நாம் சேர்க்காததைக் கூடைக்குள் நுழைப்பது, இன்னும் இரண்டுதான் பாக்கி என்று பொய்யாக அவசரப்படுத்துவது, வேண்டாம் என்கிறவரைக் கூச வைப்பது எல்லாம் அதில் இருக்கிறது. இனிமேல் அப்படி எதையாவது பார்த்தால் நுகர்வோர் உதவி எண் 1915-க்குக் கூப்பிட்டுப் புகார் சொல்லுங்கள். நான் சொன்னேன்.

ஆப்பை அழிக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். அழித்தால் அழியுங்கள், அழிக்காவிட்டால் இருக்கட்டும், எனக்கு அதில் பெரிய அபிப்பிராயம் இல்லை. அழித்துவிட்டு ஒரு வாரத்தில் மறுபடி போடுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

நான் உங்கள் கடிதத்தில் திரும்பத் திரும்ப வாசித்தது அந்த வாட்டர்கலர் பெட்டியைத்தான். 2021-லிருந்து கிடக்கிறது என்று சாதாரணமாக ஒரு வரியில் எழுதிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். பெட்ஷீட்டை வாங்க யோசிக்கவில்லை, ஏர் ஃப்ரையருக்கு யோசிக்கவில்லை, அவற்றைவிடக் குறைந்த விலையில் கிடைக்கிற பெட்டியை மட்டும் இத்தனை வருஷம் தூக்கித் தூக்கிப் பார்த்து இறக்கி வைத்திருக்கிறீர்கள். வாங்கவும் இல்லை, நீக்கவும் இல்லை. 143-ல் கனமாக இருந்தது அது ஒன்றுதான், அதனால்தான் அதை உங்களால் விளையாட்டாக அழுத்த முடியவில்லை. டிபன் பாக்ஸ் வீட்டுக்கு. ஏர் ஃப்ரையர் வீட்டுக்கு. பெட்டி உங்களுக்கு. அதை வாங்கினால் உட்கார வேண்டும், உட்கார்ந்தால் நேரம் வேண்டும், நேரம் வேண்டும் என்று வீட்டில் வாய்விட்டுக் கேட்க வேண்டும். அந்தக் கனம்தானே?

எங்கள் அம்மாவும் ஒன்றரை வருஷம் ஜாடியை இறக்கி வைத்தாள். ஆனால் இறக்கி வைத்த ஒவ்வொரு தடவையும் அவள் கை அதைத் தொட்டிருந்தது. அது தனக்கு எவ்வளவு வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். "சும்மா பார்த்தேன்" என்று அவள் ஒரு நாளும் சொன்னதில்லை. நீங்களும் சொல்லாதீர்கள்.

அதை மட்டும் ஆப்பில் வாங்காதீர்கள். வருகிற சனிக்கிழமை பையனையும் கூட்டிக்கொண்டு டவுன்ஹால் பக்கம் போங்கள், ஸ்டேஷனரி கடையில் நின்று நாலு பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். எல்லாவற்றையும் கையில் எடுத்துப் பாருங்கள். தாள் வாங்கும்போது 300 ஜிஎஸ்எம் என்று கேளுங்கள். மெல்லிய தாள் தண்ணீர் பட்டதும் நெளிந்து மேடும் பள்ளமுமாகிவிடும், அதைப் பார்த்து உங்கள் கைதான் சரியில்லை என்று நினைத்துக்கொள்வீர்கள். கெட்டித் தாளில் முதல் படம் போட்டுவிட்டு, எப்படி வந்திருந்தாலும் எனக்கு அனுப்புங்கள். ஜாடி இப்போதும் என் சமையலறையில்தான் இருக்கிறது. இந்த வருஷம் நாரத்தங்காய் போட்டிருக்கிறேன்.

அன்புடன்,
அக்கா