சித்திக்கு என்ன நோய் என்று சொல்லலாமா?

கேள்வி: டர்பனில், சாட்ஸ்வர்த்தில் இருக்கிறேன். என்னை வளர்த்த சித்தி 54 வயதில் மார்பகப் புற்றுநோயால் இறந்தார். வரும் புரட்டாசியோடு ஒரு வருடம். துணி ஃபேக்டரியில் தையல் மெஷினில் வேலை பார்த்தவர், நண்டுக் குழம்பு என்றால் உயிர். கடைசி மாதங்களில் நான்தான் கூட இருந்தேன். கண்ணை மூடினால் எலும்பும் தோலுமாகக் கிடந்த சித்திதான் வருகிறார். யார் கேட்டாலும் அம்மா 'சர்க்கரை வியாதி' என்கிறார். சித்தி மகளுக்கு வரன் அமையாதோ என்று பயம். சித்தியை நான் எப்படி நினைவில் வைத்துக்கொள்வது?

பதில்: அன்புத் தங்கைக்கு,

ராத்திரி பகலாகக் கூட இருந்து பார்த்தவர் நீங்கள். அந்த முகம்தான் முதலில் வரும். அதை விரட்டப் பார்க்காதீர்கள். ஆனால் சித்தி அந்தச் சில மாதங்கள் மட்டும் இல்லையே.

உங்களுக்குத் தெரியாத சித்தி மற்றவர்களிடம் இருக்கிறார். அவருடைய ஃபேக்டரித் தோழிகளைத் தேடிப் போய்ப் பாருங்கள். விடிகாலை பஸ்ஸில் ஒன்றாகப் போய், மத்தியானம் ஒரே டப்பாவில் கைவிட்டுச் சாப்பிட்டவர்கள் அவர்கள். சூப்பர்வைசரிடம் யாருக்காகச் சண்டைக்குப் போனார், சம்பளப் பணத்தில் முதலில் என்ன வாங்கினார் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். சித்தி மகளையும் அழைத்துப் போங்கள். வாட்ஸ்அப்பில் சித்தி அனுப்பிய வாய்ஸ் நோட் ஏதாவது இருந்தால் இன்றைக்கே வேறு இடத்தில் சேமித்து வையுங்கள். ஃபோன் தொலைந்தால் குரலும் போய்விடும்.

புரட்டாசியில் நம் வீடுகளில் கவிச்சி கிடையாது. அதனால் படையலுக்குச் சித்தி வைக்கிற பக்குவத்தில் புளிச்சக்கீரையும் பீன்ஸ் கறியும் செய்யுங்கள். நண்டுக் குழம்பைப் புரட்டாசி முடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை வைத்து, அவருக்குப் பிடித்தவர்களைக் கூப்பிட்டுப் பரிமாறுங்கள். மாலை போடும் படம் நோய்க்கு முன்னால் எடுத்ததாக இருக்கட்டும்.

சரி, அம்மா விஷயம். அவர் பயத்தை நான் குறைவாக நினைக்கவில்லை. பெண் கேட்டு வருகிறவர்கள் என்னவெல்லாம் விசாரிப்பார்கள் என்பது நமக்குத் தெரியாததா? ஆனாலும் இந்தப் பொய் கூடாது என்பதுதான் என் எண்ணம். புற்றுநோய் ஒட்டிக்கொள்கிற நோயில்லை. பரம்பரையாக வரும் மரபணுக் கோளாறால் வருவது, மார்பகப் புற்றுநோயில் நூற்றுக்கு 5 முதல் 10 வரைதான். அதே சமயம், தாய்க்கு வந்திருந்தால் மகள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். குடும்பத்தில் யாருக்கு, எந்த வயதில் வந்தது என்று டாக்டர் கேட்பார். அந்தப் பெண் அங்கே 'சர்க்கரை' என்றா சொல்வாள்? எந்த வயதில் பரிசோதனையைத் தொடங்குவது என்பதே அந்தப் பதிலைப் பொறுத்தது. சித்திக்கு என்ன வந்தது என்பதை மறைத்தால், அவர் பட்ட வேதனை அவர் மகளுக்குக்கூடப் பயன்படாமல் போகும்.

ஊரைக் கூட்டிச் சொல்லச் சொல்லவில்லை. வீட்டுப் பெண்களுக்குத் தெரிந்தால் போதும். தூக்கம் கெடுகிற அளவுக்குத் துக்கம் அழுத்தினால், 1931 முதல் தென்னாப்பிரிக்காவில் இயங்கும் கான்சா (CANSA) என்ற புற்றுநோய் உதவி அமைப்பில் நோயாளிகளின் குடும்பத்தாருக்கும் ஆலோசனை தருகிறார்கள். தயங்காமல் கேளுங்கள்.

அப்புறம் ஒன்று: படையலன்று சொந்தபந்தம் கூடியிருக்கும்போது இந்தப் பேச்சை எடுக்க வேண்டாம். அதற்கு முன்பே அம்மாவும் நீங்களும் தனியாக இருக்கிற நேரமாகப் பார்த்துப் பேசுங்கள். அவர் தங்கையைப் பறிகொடுத்தவர். முதலில் அவரைப் பேசவிடுங்கள்.