கருவாடு போடும் மகளுக்கு 12 லட்சத்தில் தொழில் படிப்பா?

இராமநாதபுரம் மாவட்டம் வேதாளையிலிருந்து ஒரு தாயார் கேட்டிருக்கிறார்: "மகள் பிளஸ் டூ முடித்துவிட்டாள். அவள் அம்மாச்சியோடு சேர்ந்து கருவாடு போட்டு வாட்ஸ்அப்பில் விற்கிறாள். சொந்தத் தொழில்தான் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். அப்படியானால் சென்னையில் தனியார் பல்கலைக்கழகத்தில் தொழில்முனைவோர் பி.பி.ஏ. சேர்த்துவிடு என்கிறான் என் தம்பி. விடுதியோடு மூன்று வருடத்துக்கு 12 லட்சம். நகையை வைக்கலாமா?"

பயப்படாதீர்கள் அம்மா. ஆனால் நகையை வைக்காதீர்கள். தொழில் காலூன்றுமுன் வட்டி ஓட ஆரம்பித்துவிட்டால், மகள் அந்த வட்டியைக் கட்டக் கிடைத்த சம்பளத்துக்குப் போய்விடுவாள். இல்லாத கம்பெனிக்குத் திட்ட அறிக்கை எழுதிப் பழக அந்தப் பணம் மிக அதிகம். அவளிடம் காசு கொடுத்து வாங்க இப்போதே ஆள் இருக்கிறது.

தம்பி சொல்லும் இரண்டாவது யோசனை இன்னும் மோசம். வெளியூரில் மொத்தமாகக் கருவாடு எடுத்து, பளபளப்பான பையில் 'ராமேஸ்வரம்' என்று ஒட்டி விற்கட்டும், படித்த பிள்ளை மீன் கழுவ வேண்டாம் என்கிறார். இதற்கு ஒருபோதும் சம்மதிக்காதீர்கள். எந்த மீன், எந்தக் கரையில் இறங்கியது, எத்தனை வெயில் காய்ந்தது என்று கேட்டால் உங்கள் மகளால் உண்மையைச் சொல்ல முடிகிறது. மதுரையிலிருந்து அவளிடம் வாங்குபவர் கூடுதல் விலை கொடுப்பது அதற்குத்தான். வாங்கி ஒட்டும் வேலையை மொத்த வியாபாரி அவளைவிட மலிவாகச் செய்துவிடுவார்.

பட்டம் வேண்டாம் என்று சொல்லவில்லை. இராமநாதபுரம் சேதுபதி அரசு கலைக் கல்லூரியில் வணிகவியலுக்கு விண்ணப்பிக்கட்டும், வீட்டிலிருந்தே போய்வரலாம். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவள் என்றால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். அது போதும். அவள் இந்த மூன்று வருடமும் உண்மையில் கற்க வேண்டியது கருவாட்டை.

முதலில் மணலில் காயப்போடுவதை நிறுத்த வேண்டும். கச்சான் காற்று தொடங்கினால் மணல் பறந்து மீனில் ஒட்டும். எவ்வளவு கழுவினாலும் வாயில் நறநறவென்று கடிபடும். சவுக்குக் கம்பு நட்டு, மூன்றடி உயரத்தில் பழைய வலையை இழுத்துக் கட்டிய பரண் போதும். காற்று கீழிருந்தும் ஏறும். மேலே ஒரு சின்னக்கண் வலை மூடினால் ஈயும் காக்கையும் வராது. ஈக்காகப் பூச்சிமருந்து தெளிக்கும் கேடுகெட்ட பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அந்தப் பக்கமே போகக் கூடாது.

நெத்திலியைக் கரையிலேயே ஐஸில் போட்டு எடுத்து வர வேண்டும். வயிறு உடைந்ததை ஒதுக்கிவிட வேண்டும். காய்ந்த பிறகும் அதன் நாற்றம் போகாது. நல்ல தண்ணீரில் அலசி, ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் பரப்பி, நாளுக்கு மூன்று முறை புரட்ட வேண்டும். ஒரு மீனை எடுத்து ஒடித்தால் டக்கென்று ஒடிய வேண்டும். வளைந்தால் இன்னொரு வெயில் பாக்கி. பெரிய மீன் என்றால் பிளந்து, குடல் நீக்கி, 4 கிலோ மீனுக்கு 1 கிலோ உப்பு என்று அடுக்கி, ஒரு நாள் ஊறவிட்டுக் காயவைக்கலாம். அழுக்கு உப்பு போட்டால் சில வாரத்தில் மேலே சிவப்பாகப் பிசுபிசுக்கும். அந்த உப்போடு வரும் பாக்டீரியாதான் காரணம். முதல் நாளே உச்சி வெயிலில் போட்டால் மேலே இறுகி, உள்ளே ஈரம் அடைபட்டு, நடுமுள் ஓரம் கெட்டுப்போகும்.

வெயில் சூட்டோடு பையில் போடவே கூடாது. உள்ளே வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும். நிழலில் ஆறவிட்டு, முள் குத்தாத தடித்த பையில் கட்ட வேண்டும். வாடை கசிந்தால் கூரியர்காரர் எடுக்கமாட்டார். எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) பதிவு எண், எடை, விலை, தயாரித்த தேதி, முகவரி எல்லாம் பையில் இருக்க வேண்டும். அதோடு இறங்கிய கரையையும் எழுதட்டும். பாம்பனில் எடுத்தால் பாம்பன், மண்டபத்தில் எடுத்தால் மண்டபம்.

சோதனை வரும் காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. விசைப்படகுக்கு 61 நாள் தடை. நாட்டுப்படகு மீன் மட்டும் வரும், விலை ஏறும், ஆர்டரோ நிற்காது. அப்போதுதான் வெளிச்சரக்கைக் கலக்கக் கை நீளும். "தடைக்காலம், சரக்கு இல்லை, ஜூன் கடைசியில் தருகிறேன்" என்று எழுதிவிடச் சொல்லுங்கள். கேட்டவர்களில் சிலர் போவார்கள், போகட்டும். வடகிழக்கு மழையிலும் இப்படித்தான். அரைகுறையாகக் காய்ந்ததைக் கட்டிக் கொடுப்பதைவிட விற்காமல் இருப்பது நல்லது.

கணக்கிலும் இதே நேர்மை வேண்டும். 20 கிலோ நெத்திலி காய்ந்தால் ஏறக்குறைய 5 கிலோதான் நிற்கும். பச்சை மீன் கிலோ 100 ரூபாய் என்றால் கருவாட்டில் மீனுக்கு மட்டுமே கிலோவுக்கு 400 ஆகிவிட்டது. ஐஸ், உப்பு, பை எல்லாம் அதற்கு மேல். அம்மாச்சியின் கூலியையும் எழுதச் சொல்லுங்கள். அதை விட்டுவிட்டு லாபம் என்று காட்டினால் அவளையே அவள் ஏமாற்றுகிறாள். 450-க்கு விற்று நல்ல பெயர் வாங்குவதில் அர்த்தமில்லை. முதல் வருடம் கடனே வேண்டாம். விற்ற காசில் அடுத்த பரண் போடட்டும்.

தம்பிக்கு அக்கா மகள்மேல் அக்கறை இருக்கத்தான் செய்யும். அந்த முதல் பரணுக்குச் சவுக்குக் கம்பு வாங்கித் தரச் சொல்லுங்கள். நகை பீரோவிலேயே இருக்கட்டும்.