ஹார்ட் டிஸ்க்கைப் பிடித்து வைத்துக்கொள்ளக் கடைக்கு உரிமை உண்டா?

கேள்வி: திருமங்கலத்தில் ஆள் வைக்காமல் நானே கல்யாண போட்டோ, வீடியோ எடுத்து வருகிறேன். ஆவணி முகூர்த்தம் முடிந்த கையோடு லேப்டாப் கீழே விழுந்து, ஹார்ட் டிஸ்க்கில் ‘டிக் டிக்’ என்ற சத்தம் வரத் தொடங்கியது. மதுரை டவுன் ஹால் ரோட்டுப் பக்கம் ஒரு கடையில் கொடுத்தேன். “டேட்டா கிடைத்தால்தான் பணம், இப்போதைக்கு 2,000 ரூபாய் அட்வான்ஸ்” என்று வாட்ஸ்ஆப்பில் எழுதினார்கள், அனுப்பினேன். இப்போது எதுவும் கிடைக்கவில்லை என்கிறார்கள். டிஸ்க்கைத் திறந்து பார்த்த செலவு என்று 9,500 ரூபாய் கட்டினால்தான் அதைத் திருப்பித் தருவார்களாம். ரசீதில் ‘டேட்டாவுக்குக் கடை பொறுப்பல்ல’ என்று அச்சிட்டிருக்கிறது. நஷ்டஈடு கேட்க முடியுமா? போலீசில் புகார் கொடுக்கலாமா?

பதில்: நீங்கள் நஷ்டஈட்டை முதலில் கேட்டிருக்கிறீர்கள், நான் டிஸ்க்கை முதலில் வைக்கிறேன். படங்கள் இன்னும் மிச்சமிருந்தால் அவை அதில்தான் இருக்கின்றன. கடையின் கவனக்குறைவுக்குச் சாட்சி சொல்லக்கூடியதும் அதுதான். அது கைக்கு வராமல் தொடுக்கும் வழக்கு வெறும் வாய்ச்சொல்லாகவே நிற்கும்.

பழுதுபார்க்க வாங்கிய பொருளின் மீது தம் உழைப்பையும் திறமையையும் செலவிட்டவர், சேர வேண்டிய கூலி வரும்வரை அதைத் தம்மிடம் வைத்துக்கொள்ள 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 170 இடம் தருகிறது. கடைக்காரர் தெரிந்தோ தெரியாமலோ இதைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறார். ஆனால் ஒப்பந்தம் வேறுவிதமாக இருந்தால் இந்த உரிமை எழாது. டேட்டா கிடைத்தால்தான் பணம் என்று அவர்களே எழுதிக் கொடுத்திருக்கும்போது, கிடைக்காத நிலையில் ‘சேர வேண்டிய கூலி’ என்று எதுவும் இல்லை. உங்களைக் கேட்காமல் திறந்து பார்த்துவிட்டு அதற்குத் தனிக்கட்டணம் கேட்பதும் அந்தப் பேச்சுக்குள் அடங்காது. கொடுத்த வேலை முடிந்ததும் பொருளைத் திருப்பித் தர வேண்டும் என்கிறது பிரிவு 160. உரிய நேரத்தில் தராமல் வைத்திருந்தால் அதன் பிறகு நேரும் இழப்புக்கும் சேதத்துக்கும் வைத்திருப்பவரே பொறுப்பு என்கிறது பிரிவு 161. ஆகவே ஒரு தேதியைக் குறிப்பிட்டு, அதற்குள் டிஸ்க்கை இருக்கிற நிலையிலேயே ஒப்படைக்கும்படி எழுத்துமூலம் கேட்டு, ஸ்பீடு போஸ்ட்டிலும் வாட்ஸ்ஆப்பிலும் அனுப்பிவிடுங்கள்.

அதற்கும் அசையாவிட்டால், வழக்கை வென்று டிஸ்க்கை மீட்கும்வரை காத்திருப்பதைவிட, ‘ஆட்சேபணையுடன் செலுத்துகிறேன்’ என்று எழுதிக் காட்டி 9,500 ரூபாயைக் கட்டி வாங்கிவிடுவது மேல் என்பது என் கருத்து. அந்தத் தொகையைப் பிறகு வழக்கில் திருப்பிக் கேட்கலாம். வாங்கும்போது டிஸ்க்கின் சீரியல் எண்ணைப் படமெடுத்து, அந்த எண்ணையும் கடையின் ரசீதில் எழுதி வாங்குங்கள். வேறு டிஸ்க்கை மாற்றிக் கொடுத்தால் பிறகு நிரூபிக்க இயலாமல் போகும். வீட்டில் கொண்டுபோய் ஒருமுறை போட்டுப் பார்க்கும் ஆசை வரும். வேண்டாம். சத்தம் போடும் டிஸ்க் சுழலச் சுழல, உள்ளே டேட்டா பதிந்திருக்கும் தகட்டின் மேல் அதைப் படிக்கும் முனையான ஹெட் உரசி மிச்சத்தையும் அழித்துவிடும். தூசியில்லாத அறை வசதியுள்ள வேறொரு மீட்பு நிலையத்தில் கொடுத்து, டிஸ்க் முன்பே திறக்கப்பட்டிருக்கிறதா, தகட்டில் கீறல் உண்டா, அதன் மேல் புதிதாக ஏதும் எழுதப்பட்டிருக்கிறதா என்று எழுத்துமூலமான அறிக்கை கேளுங்கள்.

வழக்கின் முதுகெலும்பு அந்த அறிக்கைதான். டேட்டா கிடைக்கவில்லை என்பதே சேவைக் குறைபாடு ஆகிவிடாது. உடைந்த டிஸ்க்கில் எல்லாம் மீளும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. சாதாரண மேசையில் வைத்துத் திறந்தது, பழைய டிஸ்க்கின் மேலேயே எழுதியது, உங்கள் சம்மதம் இல்லாமல் செய்தது ஆகியவை நிரூபணமானால் அவையே குறைபாடு. ரசீதில் அச்சிட்ட வரி, கீபோர்டு மாற்றக் கொடுத்த லேப்டாப்பில் டேட்டா போனால் கடைக்கு ஓரளவு துணை நிற்கலாம். டேட்டாவை மீட்பதற்கென்றே பணம் வாங்கிய கடை, அதே டேட்டாவைப் பற்றிய கவனத்துக்குத் தான் பொறுப்பில்லை என்று சொல்வதை நுகர்வோர் ஆணையம் எளிதில் ஏற்காது என்றே எண்ணுகிறேன்.

2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் மதுரை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் புகார் தாக்கல் செய்ய வேண்டும். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருப்பதால் கட்டணம் கிடையாது. வழக்கறிஞர் கட்டாயமும் இல்லை. எதிர்த்தரப்பு முதலில் எழுப்பப்போகும் ஆட்சேபணை, நீங்கள் வணிக நோக்கத்துக்காக லேப்டாப்பைப் பயன்படுத்தினீர்கள் என்பதாக இருக்கும். சொந்த உழைப்பால் பிழைப்பு நடத்துவதற்கென்றே வாங்கிப் பயன்படுத்தும் பொருள் வணிக நோக்கத்தில் சேராது என்று சட்டமே விளக்குகிறது. அந்த விளக்கம் பொருள்களைப் பற்றியே பேசினாலும், அப்பொருளைப் பழுதுபார்க்கக் கொடுத்ததற்கும் அதே வாதத்தை வைக்கலாம். ஆள் வைக்காமல் நீங்களே தொழில் செய்வதை மனுவின் முதல் பத்தியிலேயே எழுதிவிடுங்கள். வாட்ஸ்ஆப் உரையாடலுடன், 2023ஆம் ஆண்டின் பாரதிய சாட்சிய அதினியம் (சாட்சியச் சட்டம்), பிரிவு 63இன்படி மின்னணுப் பதிவுகளுக்குத் தர வேண்டிய சான்றிதழையும் இணைப்பது நல்லது. அந்தப் போனை அதுவரை மாற்றாதீர்கள்.

போலீஸ் புகாரை இப்போதைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். கட்டணத் தகராறு என்று கடைக்காரர் சொன்னதும், சிவில் விவகாரம் என்று மனு ரசீதோடு அனுப்பிவிடவே வாய்ப்பு அதிகம். உங்கள் படங்களைக் கடைக்காரர்கள் நகலெடுத்து வெளியே விட்டதாகத் தெரிந்தால் கதை வேறு: ஒப்பந்தத்தின் பேரில் கிடைத்த தனிப்பட்ட தகவலை, இழப்பு ஏற்படுத்தும் அல்லது ஆதாயம் தேடும் எண்ணத்தோடு வெளியிடுவது, தகவல் தொழில்நுட்பச் சட்டம், பிரிவு 72ஏயின்படி 3 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம்.

கேட்காமல் விட்ட ஒன்றையும் சொல்கிறேன். கேமராவின் மெமரி கார்டுகளை அதன்பின் பயன்படுத்தவில்லை என்றால், அவற்றில் புதிதாக ஒரு படம்கூட எடுக்காமல் தனியே எடுத்து வையுங்கள். கார்டுகளில் அழித்த படங்களும் பல நேரம் மீள்கின்றன. இழப்பைக் குறைக்க உங்களுக்கு இருந்த வழிகளையும் நஷ்டஈட்டைக் கணக்கிடும்போது பார்ப்பார்கள். கல்யாண வீட்டார் உங்கள் மீது வழக்குத் தொடுக்கும் வாய்ப்பும் இருப்பதால், நடந்ததை அவர்களிடமும் இப்போதே எழுத்தில் தெரிவித்து, வாங்கிய முன்பணத்தில் எவ்வளவு திருப்பித் தர முடியும் என்பதையும் அதிலேயே குறிப்பிடுங்கள். அவர்களுக்குக் கொடுக்க நேரும் தொகைக்கு ரசீது வாங்கி வைத்தால், கடைக்கு எதிரான மனுவில் அதையும் இழப்பாகக் காட்டிக் கேட்கலாம்.