இரவல் இன்ஜின் இழுக்கா?

கேள்வி: இஸோ கிரிஃபோ, ஃபாஸெல் வேகா போன்றவற்றை ஐரோப்பிய கிளாசிக் கார்கள் என்று கொண்டாடுகிறார்கள். உள்ளே இருப்பதோ அமெரிக்க வி8, அதாவது எட்டு சிலிண்டர் இன்ஜின். சொந்தமாக இன்ஜின் செய்யத் தெரியாதவர்கள் விலைக்கு வாங்கி மாட்டிய கார்களுக்கு இவ்வளவு மரியாதை தகுமா?
– ஒரு வாசகர், கோவை

பதில்: தகும். 'செய்யத் தெரியாதவர்கள்' என்கிறீர்களே, கிரிஃபோவின் பொறியாளர் யார் தெரியுமா? ஜோட்டோ பிட்ஸாரினி. ஃபெராரி 250 ஜிடிஓ என்ற பந்தயக் கார் உருவானதில் முக்கியப் பங்கு அவருடையது. லம்போர்கினியின் முதல் வி12 (பன்னிரண்டு சிலிண்டர்) இன்ஜினை வரைந்து கொடுத்தவரும் அவரே. அந்த மனிதர்தான் இத்தாலியின் இஸோ நிறுவனத்தில் செவர்லே கொர்வெட்டின் 5.4 லிட்டர் வி8-ஐ வைத்துக் கார் கட்டினார். பிறகு இஸோவை விட்டுப் பிரிந்து தன் சொந்தப் பெயரில் கார் விற்றபோதும் அதே இன்ஜின்தான். வேறு வழியில்லாமல் செய்த வேலையா இது?

அவர் வரைந்த வி12-இல் நான்கு கேம் ஷாஃப்ட், அதாவது வால்வுகளைத் திறந்து மூடும் தண்டுகள். செவர்லேயில் ஒன்றே ஒன்று, அதுவும் இன்ஜின் பிளாக்குக்குள்ளேயே சுழல்கிறது. அதனால் சிலிண்டர் ஹெட் (சிலிண்டர்களின் மேல்மூடி) சிறியது, மொத்த இன்ஜினும் கைக்கு அடக்கமானது. அதை முன் சக்கரங்களுக்குப் பின்னே நன்றாகத் தள்ளி வைக்கலாம். எடை நடுவுக்கு வரும், வளைவில் கார் சொன்னபடி கேட்கும். பந்தயத்துக்கான கிரிஃபோவில் அதை எவ்வளவு உள்ளே தள்ளினார் என்றால், டிஸ்ட்ரிப்யூட்டரை (ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்தனுப்பும் பாகம்) தொட டாஷ்போர்டின் மேல் உள்ள மூடியைத் திறக்க வேண்டும்! அந்தக் கார் 1965 லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் ஒன்பதாவதாக வந்தது, தன் பிரிவில் முதலிடம்.

சரி, சொந்த இன்ஜின்தான் பெருமை என்று நம்பியவருக்கு என்ன ஆனது? பிரான்சின் ஃபாஸெல் நிறுவனத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜான் தானினோஸ் 1954 முதல் கிறைஸ்லர் வி8-களை வைத்து விற்ற பெரிய கார்கள் ஒழுங்காக ஓடின. அப்புறம் ஃபாஸெலியா என்ற சிறிய காருக்குப் பிரான்சிலேயே 1.6 லிட்டர் இன்ஜின் ஒன்றைச் செய்ய வைத்தார். பிஸ்டன்கள் கருகின. வாரன்டியில் மாற்றிக் கொடுத்தே பணம் கரைந்தது. 1964இல் கம்பெனியை மூடினார்கள். அந்த நிறுவனத்தைச் சாய்த்தது அமெரிக்க இன்ஜின் அல்ல.

இரவல் இன்ஜினில் ஆபத்தே இல்லையா என்றால், உண்டு. அது தரத்தில் இல்லை, அடுத்தவர் கையை நம்பியிருப்பதில் இருக்கிறது. இங்கிலாந்தின் ரூட்ஸ் நிறுவனம் சன்பீம் டைகரை 1964இல் ஃபோர்டு வி8-உடன் கொண்டுவந்தது. அருமையான கார். ரூட்ஸை கிறைஸ்லர் வாங்கியதும் போட்டியாளரின் இன்ஜினை வைத்து விற்க மனம் வரவில்லை. தன் வி8-ஐ வைக்கலாமென்றால், அதன் டிஸ்ட்ரிப்யூட்டர் பின்பக்கம் இருந்தது. டைகரில் அதற்கு இடமில்லை. 1967இல் உற்பத்தி நின்றது. நீங்கள் கோபப்பட வேண்டியது இதற்காகத்தான்.