மைனஸ் 15 டிகிரி குளிரில் ஹீட் பம்ப் எப்படி வீட்டைச் சூடாக்குகிறது?

ஹீட் பம்ப் என்பது வெளியே இருக்கும் வெப்பத்தை வீட்டுக்குள் இறைத்துக் கொண்டுவரும் மின்கருவி. நம் ஊர் ஏர்கோனைத் திருப்பி மாட்டியது மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். பினாங்கு லிட்டில் இந்தியாவில் கடைகளின் பின்சந்தில் நடந்தால் முகத்தில் சுடச்சுடக் காற்று அடிக்குமே, அது பெரும்பாலும் கடைக்குள்ளிருந்து வெளியேற்றிய வெப்பம். பின்லாந்தில் அந்தச் சூடான பக்கம் வீட்டுக்குள் இருக்கும்.

சரி, உறைபனியில் வெப்பம் ஏது? வெப்பம் அடியோடு இல்லாமல் போவது மைனஸ் 273 டிகிரியில்தான். கருவிக்குள் ஓடும் திரவம், புரொப்பேன் என்று வையுங்கள், சாதாரண அழுத்தத்தில் மைனஸ் 42 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதைக் கொதிக்க வைக்க மைனஸ் 15 டிகிரிக் காற்றே போதும். அப்புறம் அந்த ஆவியை அமுக்கினால் சூடேறும். அந்தச் சூடு வீட்டுக்குள் இறங்கும். குளிர் கூடக் கூடப் பலன் குறையும் என்பது உண்மைதான்.

பின்லாந்தின் தலைநகர் ஹெல்சிங்கி இன்னும் ஒரு படி மேலே. காத்ரி வாலா பூங்காவுக்கு அடியில் 2006 முதல் இயங்கும் ஹீட் பம்ப் நிலையம், சுத்திகரித்த கழிவுநீரிலிருந்து வெப்பத்தை எடுத்து நகரக் கட்டடங்களுக்கு அனுப்புகிறது. எனக்கு மிகப் பிடித்த ஏற்பாடு இதுதான்: குளித்துக் கொட்டிய வெந்நீரின் சூடுகூட வீண் போவதில்லை.

ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சுமார் மூன்று யூனிட் வெப்பம் என்றதும் பலர் ஏமாற்று வேலை என்கிறார்கள். அதில் மின்சாரத்தின் பங்கு ஒன்றுதான். மீதி இரண்டும் வெளிக்காற்றில் ஏற்கெனவே இருந்தவை.