டெக்ஸாஸ் ஏன் இணைந்தது? – கடிதம்

அன்புள்ள ஐயா,

ஹூஸ்டன் அருகே வசிக்கிறேன். மகள் ஏழாம் வகுப்பு. இங்கே அந்த வகுப்பில் டெக்ஸாஸ் வரலாறு பாடம். “மெக்ஸிகோவோட சண்டை போட்டு வாங்கின சுதந்திரத்தை ஏம்ப்பா பத்து வருஷத்துக்குள்ள அமெரிக்காகிட்ட குடுத்துட்டாங்க?” என்று கேட்டாள். கடன் ஏறிவிட்டது, மக்கள் ஏகமனதாக முடிவெடுத்தார்கள் என்று சொன்னேன். அவளுக்கு அது போதவில்லை. ரத்தம் சிந்திப் பெற்ற நாட்டை ஒப்படைப்பது அவமானம் இல்லையா? படையை நடத்தி வென்று குடியரசின் தலைவரான சாம் ஹூஸ்டனைத் துரோகி எனலாமா? டெக்ஸாஸ் இன்றும் பிரிந்து போகலாம் என்கிறார்களே, உண்மையா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். பிரிய முடியாது. 1869ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. ஹூஸ்டன் துரோகியா என்பதில் எனக்கு ஆர்வமே இல்லை. வரலாற்றில் துரோகியைத் தேடுகிறவர் வேறெதையும் பார்ப்பதில்லை.

உங்கள் மகளின் கேள்வி அருமையானது. நீங்கள் சொன்ன பதில்தான் சோம்பேறித்தனமானது. காலவரிசையையாவது பார்த்திருக்கலாம். சான் ஜசிந்தோ போரில் மெக்ஸிகோவின் தளபதி சாண்டா அன்னாவைத் தோற்கடித்தது 1836 ஏப்ரல் 21. அமெரிக்காவோடு சேரலாமா என்று வாக்கெடுத்தது அதே ஆண்டு செப்டம்பரில். சேரலாம் என்றவர்கள் 3,277 பேர், வேண்டாம் என்றவர்கள் 91 பேர். அப்போது கடன் பன்னிரண்டரை லட்சம் டாலர் அளவுதான். அது ஒரு கோடியை நெருங்கியதும், ஹூஸ்டனுக்கு அடுத்துத் தலைவரான லமார் அச்சடித்த தாள் பணம் சில சென்ட்டுக்கு விழுந்ததும் பிறகு நடந்தவை. 1845ல் இணைந்தபோதுகூட அமெரிக்கா அந்தக் கடனை ஏற்கவில்லை. கடனும் பொது நிலமும் டெக்ஸாஸிடமே இருந்தன. கடன் அவசரத்தைக் கூட்டியது, சரி. விருப்பம் அதற்கு முன்பே இருந்தது.

மெக்ஸிகோ பற்றிய பயமும் உண்மையானதே. மெக்ஸிகோ அவர்களை அங்கீகரிக்கவே இல்லை. 1842ல் இரண்டு முறை சான் அன்டோனியோவைப் பிடித்தது. ஆனால் இந்தப் படையெடுப்புகளும் வாக்கெடுப்புக்குப் பின் வந்தவைதான்.

அப்படியானால் முதல் நாளிலிருந்தே ஏன் சேர நினைத்தார்கள்? அவர்களில் பெரும்பாலோர் சில ஆண்டுகளுக்கு முன் அமெரிக்கத் தென் மாநிலங்களிலிருந்து பருத்தி போட வந்தவர்கள். பருத்திக்கு அடிமைகள் வேண்டும். மெக்ஸிகோ 1829ல் அடிமை முறையை ஒழித்தது. டெக்ஸாஸுக்கு விலக்குக் கொடுத்தாலும் அந்த விலக்கு எத்தனை நாள் நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. 1830ல் அமெரிக்கர்கள் குடியேறவும் தடை வந்தது. கலகத்துக்கு வேறு காரணங்களும் இருந்தன, மறுக்கவில்லை. ஆனால் 1836 மார்ச்சில், வெல்வதற்கு முன்பே அவர்கள் எழுதிய அரசியல் சட்டத்தைப் படியுங்கள். அடிமைகளை விடுவிக்க அவர்களின் நாடாளுமன்றமான காங்கிரஸுக்கு அதிகாரம் இல்லை. சொந்தக்காரனே விடுவிக்க நினைத்தாலும், அவர்களை நாட்டைவிட்டு அனுப்பாவிட்டால் காங்கிரஸ் அனுமதி வேண்டும். அடிமையல்லாத கறுப்பர்கூட அனுமதியின்றி அங்கே நிரந்தரமாக வாழ முடியாது.

இந்தச் சொத்தை ஒரு சின்னக் குடியரசு எப்படிக் காப்பாற்றும்? தெற்கே ரியோ கிராண்டே ஆற்றைத் தாண்டி மெக்ஸிகோவுக்குள் போனால் அடிமை விடுதலை பெற்றுவிடுவான். கடலுக்கு அப்பால் பிரிட்டன் தன் காலனிகளில் அடிமை முறையை ஒழித்துவிட்டு, டெக்ஸாஸிலும் அதையே விரும்பியது. அடிமை முறையைக் காக்கும் பெரிய அரசு பக்கத்தில் ஒன்றுதான் இருந்தது. அமெரிக்கா ஒன்பது ஆண்டு தயங்கியதற்கும் முக்கியக் காரணம் இந்த அடிமை முறையே. 1844ல் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் கால்ஹூன் அடிமை முறையை நியாயப்படுத்திப் பிரிட்டிஷ் தூதருக்கே கடிதம் எழுதினார். அந்த ஆண்டு இணைப்பு ஒப்பந்தம் அமெரிக்க செனட்டில் 35க்கு 16 என்று தோற்றது. அடுத்த ஆண்டு இரு அவைகளும் நிறைவேற்றிய கூட்டுத் தீர்மானம் செனட்டில் 27க்கு 25 என்று தப்பித்தது.

நீங்கள் ‘மக்கள் ஏகமனதாக’ என்று எழுதியிருக்கிறீர்கள். யார் மக்கள்? டெக்ஸாஸின் அந்த அரசியல் சட்டம் ஆப்பிரிக்கர்களையும் அவர்கள் வழிவந்தவர்களையும் பூர்வகுடிகளையும் குடிமக்கள் அல்ல என்று பெயர் சொல்லி விலக்கியது. குடியரசு தொடங்கியபோது அங்கே அடிமைகள் ஏறக்குறைய 5,000 பேர். 1850 கணக்கெடுப்பில் 58,161 பேர். 1839ல் லமார் படை அனுப்பிப் பூர்வகுடிகளான செரோக்கிகளைத் துரத்தினார். இவர்களை யாரும் கேட்கவில்லை. ஒரு நாடு இன்னொரு நாட்டோடு சேர விரும்பியது என்று எங்கே படித்தாலும், வாக்குச்சீட்டு யார் கையில் இருந்தது என்று முதலில் கேளுங்கள். இதைக் கேட்காமல் பிள்ளைக்கு வரலாறு சொல்லித்தராதீர்கள்.

உங்கள் ஊர்ப்பக்கம் வந்திருந்தபோது நண்பர்கள் என்னைச் சான் ஜசிந்தோ நினைவுத்தூணுக்கு அழைத்துப் போனார்கள். 567 அடி உயரம். மேலே நின்றபோது எல்லோரும் ஹூஸ்டனைப் பற்றியே பேசினார்கள். எனக்கு ஹுவான் செகினின் நினைப்பாகவே இருந்தது. சான் அன்டோனியோவில் பிறந்தவர், ஸ்பானிய மொழி பேசியவர். மெக்ஸிகோப் படை முற்றுகையிட்ட அலமோ கோட்டையிலிருந்து உதவி கேட்டுத் தூது போனதால் உயிர் தப்பினார். சான் ஜசிந்தோவில் தன் ஆட்களோடு சண்டையிட்டார். மெக்ஸிகோப் படையினர் என்று நினைத்துச் சொந்தப் பக்கமே சுட்டுவிடாமலிருக்க அவர்கள் தொப்பியில் அட்டைத் துண்டைச் செருகிக்கொண்டார்கள். அலமோவில் இறந்தவர்களின் சாம்பலை அடக்கம் செய்தவர் அவர். பிறகு செனட்டர், மேயர். 1842ல், புதிதாக வந்து சேர்ந்தவர்கள் அவரை மெக்ஸிகோவின் ஆள் என்று சொல்லி விரட்டினார்கள். அவர் உயிருக்குப் பயந்து மெக்ஸிகோவுக்கே ஓட வேண்டியதாயிற்று. அங்கே அவரை ராணுவத்தில் சேர நிர்ப்பந்தித்து, அதே ஆண்டு சான் அன்டோனியோ மீதே படையெடுக்க அனுப்பினார்கள். பிறந்த மண்ணிலேயே அந்நியன் ஆனேன் என்று பின்னாளில் எழுதினார். எஸ்., எனக்கு மனம் ஆறவே இல்லை. அவமானம் என்று சொன்னீர்களே, அதை இங்கே சொல்லுங்கள். நாட்டை ஒப்படைத்ததில் அல்ல.

மகளிடம் நவாரோவைப் பற்றியும் சொல்லுங்கள். 1845 ஜூலை 4 அன்று இணைப்பை ஏற்ற மாநாட்டில் ஹோசே அன்டோனியோ நவாரோ ஒருவர்தான் மெக்ஸிகோ வம்சாவளி டெக்ஸாஸ்காரர். வாக்குரிமை வெள்ளையருக்கு மட்டும் என்று எழுதப் பார்த்தார்கள். அவர் எதிர்த்து நின்று அந்தச் சொல்லை நீக்கவைத்தார். அவரும் அடிமை முறையை எதிர்த்தவரல்ல. ஆப்பிரிக்கர்களுக்கு வாக்கில்லை என்ற வரி அந்தச் சட்டத்திலும் அப்படியே இருந்தது. இதையும் அவளிடம் மறைக்காதீர்கள். பதின்மூன்று வயதுக்கு இது புரியும்.