பீடி, பிராந்தி பழக்கமில்லாத பையன் நேராக மாத்திரைக்குப் போவானா?

கேள்வி: டாக்டர், கோத்தகிரி பக்கம் எங்களுக்கு ரெண்டு ஏக்கர் தேயிலை. என் அப்பா கடைசிவரை பீடி, பிராந்தியோடு நின்றவர். நான் காலேஜில் சிகரெட், பிறகு பீர், ஒரு வருஷம் கஞ்சா, கல்யாணத்தோடு எல்லாம் விட்டாச்சு. பையனுக்கு 17 வயது, சிகரெட்டும் இல்லை குடியும் இல்லை. ஆனால் அவன் பையில் கூல் லிப்பும் (உதட்டுக்குள் ஒதுக்கி வைக்கிற புகையிலை), பாதி காலியான டேபென்டடால் என்ற வலி மாத்திரை அட்டையும் கிடைத்தன. குடிக்காதவன் நேராக இதற்குப் போவானா? நண்பனுடையதாக இருக்கும் என்கிறாள் மனைவி.

பதில்: போவான் சார். நண்பனுடையதாகவும் இருக்கலாம், ஆனால் 'அவன் குடிக்கிறதில்லை' என்பதை அதற்குச் சாட்சியாக வைக்காதீர்கள்.

சிகரெட், பீர், கஞ்சா, அப்புறம் பெரியது என்று படிப்படியாகத்தான் போவார்கள் என்ற எண்ணம் பலருக்கும் உண்டு. 1975-இல் டெனிஸ் கேண்டல் என்ற அமெரிக்க ஆய்வாளர் பள்ளி மாணவர்களிடம் இந்த மாதிரி வரிசையைத்தான் கண்டார். ஆனால் 2001-இல் கோலப், ஜான்சன் என்ற இருவர் பிறந்த வருஷம் வாரியாகப் பிரித்துப் பார்த்தபோது வேறு கதை வந்தது: இரண்டாம் உலகப்போருக்கு முன் பிறந்த அமெரிக்கர்கள் இந்த வழியில் அபூர்வமாகத்தான் போயிருக்கிறார்கள், 1960-ஐ ஒட்டிப் பிறந்தவர்களிடம் அது உச்சம், அதற்குப் பிறகு பிறந்தவர்களிடம் மறுபடி குறைவு. உடம்பு ஒன்றுதானே, தலைமுறைக்குத் தலைமுறை எப்படி மாறும்? எந்தக் காலத்தில் எது சுலபமாகக் கைக்குக் கிடைத்தது, கூட்டாளிகள் எதைச் சாதாரணமாக நினைத்தார்கள் என்பதைப் பொறுத்துத்தான் வரிசை என்பது என் கருத்து.

உங்கள் வீட்டையே பாருங்களேன். உங்கள் அப்பாவுக்குக் குளிருக்கு ரெண்டு மூடி பிராந்தி (குளிருக்கு அது உதவாது, தோலுக்கு ரத்தத்தைத் தள்ளி உள்சூட்டை வெளியே விட்டுவிடும், அது தனிக் கதை). உங்களுக்குக் காலேஜ் கூட்டம். உங்கள் பையனுக்கு வாசனை வராத, புகை இல்லாத, பென்சில் டப்பாவில் அடங்குகிற சரக்கு. டிரமடால் என்ற வலி மாத்திரையை 2018-இல் மத்திய அரசு போதைப்பொருள் சட்டத்துக்குள் கொண்டுவந்தது, அது கிடைக்காத இடத்தில் டேபென்டடாலுக்குக் கை போகிறது. இதுவும் அபின் வகை மாதிரி வேலை செய்கிற மருந்துதான்.

சரி, என்ன கவனிக்கலாம்? சமவெளியில் 'வெயிலிலும் முழுக்கைச் சட்டை போடுகிறானா பாருங்கள்' என்பார்கள், ஊசித் தழும்பை மறைக்க. நம்ம ஊரில் எல்லோரும் வருஷம் முழுக்க ஸ்வெட்டரில்தான் இருக்கிறோம், அந்த யோசனை இங்கே செல்லாது. இந்த வகை மாத்திரை எடுத்தால் தூங்கி வழிவது, கண்மணி சுருங்குவது, மலச்சிக்கல், சும்மா சொறிந்துகொண்டே இருப்பது. கிடைக்காத நாளில் மூக்கு ஒழுகும், கண்ணில் நீர், கொட்டாவி, மயிர்க்கூச்சம், வயிற்றுப்போக்கு, உடம்பு வலி. இதைத்தான் மலையில் பெற்றோர்கள் சளி பிடிச்சிருக்கு என்று கஷாயம் போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள், ரெண்டு நாளில் அவன் மாத்திரை வாங்கி 'சரியாகி' விடுகிறான். மாதத்தில் மூன்று தடவை சளி என்றால் யோசியுங்கள்.

அட்டையை அவன் முகத்தில் வீசாதீர்கள். சாப்பிட்டு முடித்த ஒரு நேரத்தில், தனியாக, 'இதை நான் பார்த்தேன், எத்தனை நாளாக, ஒரு நாளைக்கு எத்தனை' என்று மட்டும் கேளுங்கள். நீங்கள் கஞ்சா அடித்த கதையைச் சொல்லலாம், ஆனால் 'நான் விட்டேனே, நீ விடமாட்டியா' என்று முடிக்காதீர்கள், அவன் எடுப்பது வேறு சரக்கு. மாத்திரையைப் பிடுங்கி, அறையில் பூட்டி நிறுத்த வைக்கவும் வேண்டாம். கூடவே தூக்க மாத்திரையும் எடுத்துக்கொண்டிருந்தால் திடீரென நிறுத்தும்போது வலிப்பு வரலாம். எத்தனை, எவ்வளவு நாள் என்ற கணக்கோடு ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். அதற்கு முன் பேசிப் பார்க்க 14446 என்ற இலவச எண் உண்டு.

மனைவி நண்பன் பேரைச் சொல்வதற்குப் பின்னால் போலீஸ் பயம் இருக்கலாம். மருத்துவமனைக்குப் போவது வைத்தியம், புகார் இல்லை என்று அவரிடம் சொல்லுங்கள். அப்புறம், வீட்டுப் பெரியவர்கள் யாருக்காவது தூக்க மாத்திரையோ வலி மாத்திரையோ எழுதிக் கொடுத்திருந்தால், அதில் குறைகிறதா என்று இன்றைக்கே எண்ணிப் பாருங்கள்.